பாஸ்போர்ட் போட்டோவில் காசிம்

1936 மே 11, திங்கள்.

பள்ளிக்கூட லீவுக்குக் குடும்பத்தோடு சைகோன் வரச் சொல்லித் தம்பி கூப்பிட்டிருந்தான். பாஸ்போர்ட்டுக்குக் குடும்பமாக எடுத்த போட்டோ இனிச் செல்லாது என்று ஏஜெண்ட் இன்று சொல்லிவிட்டார். படத்தில் பிள்ளைகள் மூன்று பேர். கடைக்குட்டி காசிம் போன மாதம் காய்ச்சலில் மவுத்தாகிவிட்டான்.

என் மனைவி மரியம் மறுபடி போட்டோவுக்கு உட்கார மாட்டேன் என்கிறாள். "வெறும் மடியோட எப்படிங்க உக்காருவேன்?" என்று கேட்டாள்.

சாயங்காலம் ஸ்டூடியோவுக்குப் போனேன்.

"புதுசா எடுக்க வேணாம் பாய். கைப்பிள்ளைய மட்டும் வெட்டிட்டு ஒட்டித் தாரேன், அம்புட்டுத்தான்" என்றார் போட்டோக்காரர். படத்தின் மேலேயே காசிமைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். மரியத்தின் இரண்டு கைகளும் கோட்டுக்குள்தான் இருந்தன.

வேண்டாம் என்று படத்தை வாங்கி வந்துவிட்டேன். பயணமும் வேண்டாம்.

மரியம் படத்தை வாங்கி, முந்தானையால் அந்தக் கோட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ரொம்ப அழுத்தினால் பிள்ளை முகமும் போய்விடும்.