சரவணையில் நம்பித் தந்த பசு

என் பிரியமான பிலோமினா,

இன்று காலைப் பூசை உமக்காக ஒப்புக்கொடுக்கப்பட்டது. நீர் போய் ஒரு வருடமாகிவிட்டது. பிரசங்கத்தில் சுவாமி உக்கிராணக்காரனைப் பற்றிப் பேசினார். எசமான் தூரதேசம் போகும்போது தன் உடைமையை ஒருவனிடம் ஒப்படைக்கிறான், திரும்பிவந்து கேட்கிறான் என்று. நீர் இருந்திருந்தால் வழக்கம்போலத் தூணில் சாய்ந்து தூங்கியிருப்பீர். விடியமுன் எழும்பிப் பால் கறந்து, கொட்டில் கொட்டிலாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவளுக்கு நித்திரை வராமல் என்ன செய்யும்?

பூசை முடிந்து சேமக்காலையில் உம்முடைய கல்லறைக்கு வந்தேன். தனியே வரவில்லை. என்னோடு வந்தவர் யார் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கோயில் மலரில் போடலாம் என்று சுவாமி கேட்டிருக்கிறார். மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உமக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளும்.

ஊர்காவற்றுறைக் கரையில் நாங்கள் கடலை நம்பிப் பிழைத்தவர்கள். நான் வள்ளத்தில் போவேன். நீர் மீன் கடகப்பெட்டியோடு சரவணைக் கிராமப் பக்கம் போய் விற்று வருவீர். அங்கே சிவபாக்கியம் அம்மாவின் வீட்டில்தான் உமக்கு முதல் விற்பனை. தோட்டமும் துரவுமாக இருந்த குடும்பம். அவருடைய கணவருக்கு நெஞ்சு வருத்தம் கூடி, வைத்தியத்துக்கென்று மகன் வந்து இருவரையும் கொழும்புக்குக் கூட்டிப்போக ஆயத்தமானபோது, அவர்களுடைய சொந்தக்காரர் எல்லாரும் சண்டைக்குப் பயந்து ஏற்கெனவே ஊரை விட்டுப் போயிருந்தார்கள். கோடிப் பக்கத்தில் கட்டியிருந்த சினைப்பசுவை என்ன செய்வது?

அன்று பின்னேரம் வெறுங்கடகமும் ஒரு பசுவுமாக நீர் படலையைத் திறந்துகொண்டு வந்தீர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன இது, மீனுக்குப் பதிலா மாடோ?"

"சிவபாக்கியம் அம்மா விட்டிட்டுப் போறா. ஒரு மாசத்தாலை வந்திடுவினமாம். பேர் லட்சுமி."

"எங்கடை வீட்டிலை லட்சுமியோ? மரியாள் எண்டு மாத்துவம்."

"அவள் பேரோடை வந்தவள். நாங்கள் ஆர் மாத்த?"

மாட்டைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? லட்சுமி கன்று போட்டபோது நான் பயத்தில் வேலிக்கு வெளியே நின்றேன். முதல்முதல் நீர் கறக்கப்போய், அவள் உதைத்து, செம்பு ஒரு பக்கமும் நீர் ஒரு பக்கமுமாக விழுந்தீர். மறுநாளும் போனீர். பூவரசங்குழையும் வெட்டிய பனையோலையும் கொண்டுவந்து போட்டு, அவளோடு கதைத்துக் கதைத்து அவளை வழிக்குக் கொண்டுவந்தீர். ஒரு மாதம் கழிந்தது. சண்டை மூண்டு கொழும்புப் பாதை மூடிவிட்டது. கொழும்பிலிருந்து ஒருவரும் வரவில்லை.

பிறகு அந்த ஆவணி மாதம். கடல் பக்கமிருந்து ஷெல் வந்து விழத் தொடங்கியது. ஆமி இறங்கிவிட்டது என்றார்கள். ஊரே கடல்நீரேரி தாண்டி அராலிப் பக்கம் கடக்கவென்று வேலணைக் கரைக்கு ஓடியது. எங்கள் வள்ளம் துறையில் கட்டினபடி நின்றது. அந்தப் பக்கம் தலைகாட்ட ஏலாது. உம்முடைய தையல் மெஷினை நான் சைக்கிளில் ஏற்றிக் கட்டினேன். நீர் வந்து அதை அவிழ்த்து இறக்கிவிட்டு, அந்த இடத்தில் கன்றைத் தூக்கி வைத்தீர்.

"விசரோ உமக்கு? மாட்டை அவிட்டு விடும். தன்பாட்டிலை மேயட்டும்" என்று கத்தினேன்.

"எங்கடை மாடெண்டால் எப்பவோ விட்டிருப்பன்" என்றீர். கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு நடந்தீர்.

கரையில் வள்ளக்காரர் ஆட்களை மட்டுமே ஏற்றினார்கள். "மனுசருக்கே இடமில்லை, இவள் மாட்டோடை வாறாள்" என்று ஒருவர் ஏசினார். "இடம் கேக்கேல்லை அண்ணை, வழிதான் கேக்கிறன்" என்று சொல்லிவிட்டு நீர் தண்ணீரில் இறங்கினீர். நான் சைக்கிளைக் கரையில் போட்டுவிட்டுக் கன்றைத் தோளில் சுமந்துகொண்டு பின்னால் வந்தேன். இடுப்பளவு, பிறகு நெஞ்சளவு. சேறு எங்கே, மணல் எங்கே என்று உமக்குக் காலாலேயே தெரிந்தது. லட்சுமி மூக்கை உயர்த்திக்கொண்டு வந்தாள்.

நடுவில் ஆமியின் ஹெலிகொப்டர் வந்தது. எல்லாரும் கழுத்துவரை அமிழ்ந்தோம். மாடு அமிழுமா? நீர் மட்டும் அவளுடைய கழுத்தைக் கட்டிப்பிடித்தபடி நிமிர்ந்து நின்றீர். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அது போய்விட்டது. கரையேறியபின் கேட்டேன், "உமக்குச் சாகப் பயமில்லையே?"

"பயந்தான். நான் குனிஞ்சால் அவள் வெருண்டு இழுத்துக்கொண்டு ஓடியிருப்பாள்."

அராலியில், இந்தக் கோயில் வளவுக்குப் பின்னால் பனைகளுக்கு நடுவே குடியிருக்க ஓலைக் கொட்டில் போட்டுக்கொண்டோம். பக்கத்துக் கொட்டிலில் வேலணைப் பிள்ளை சாந்தி. கைக்குழந்தையோடு வந்தவள், புருசன் வழியில் தவறிப்போய்விட்டான். பயத்திலும் பட்டினியிலும் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. கடையில் பால்மா இல்லை. குழந்தை அழவும் தெம்பில்லாமல் கிடந்தது. உமக்கோ பெரிய யோசனை. மடி கட்டிவிடும் என்று கறந்தாலும், அதுவரை கன்று குடித்து மிஞ்சியதை எங்கள் தேவைக்குத் தொடவே நீர் தயங்கினீர்.

"மாடு அவையின்ரை. அப்ப பால் ஆற்றை?" என்று என்னைக் கேட்டீர். நீரே முடிவெடுத்தீர். "வித்தால் களவு. பசிக்கிற பிள்ளைக்குக் குடுத்தால் களவில்லை எண்டு நினைக்கிறன். சிவபாக்கியம் அம்மா வரட்டும், நானே சொல்லுறன். ஏசினால் என்னைத்தானே ஏசுவா."

அன்றிலிருந்து சாந்தியின் குழந்தைக்கு, பிறகு மற்றக் குழந்தைகளுக்கு, பிறகு படுக்கையில் கிடந்த முதியவர்களுக்கு. ஒருமுறை காய்ச்சலால் எழும்பி, வாய்க்கு ருசியாகப் பால்தேத்தண்ணி கேட்டேன். "உங்களுக்குப் பல்லிருக்கு, பாணைக் கடியுங்கோ" என்று வெறுந்தேத்தண்ணியை நீட்டினீர். எனக்கு வந்த கோபம்! தேத்தண்ணிக் கடைக்காரர் பாலுக்கு நல்ல விலை சொல்லி நடையாய் நடந்தார். இறைச்சிக்குக் கேட்டு ஒருவன் வந்தான். அவனை நீர் துரத்திய துரத்தலைச் சாந்தி இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறாள்.

பிறகு உமக்கு மலேரியா வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் இருந்தது, டொக்டர் இருந்தார், மருந்து வரவில்லை. சுவாமி வந்து செபித்து அவஸ்தை எண்ணெய் பூசிவிட்டுப் போனபின் கண் திறந்து என்னைப் பார்த்தீர். பிள்ளைகுட்டி இல்லாத என்னைத் தனியே விட்டுப்போகிறோமே என்று ஏதாவது சொல்வீர் என்று காதைக் கிட்ட வைத்தேன்.

"லட்சுமிக்குத் தண்ணி வைச்சனீங்களோ?"

"ஓம், வைச்சனான்."

"அவை வந்தால் குடுக்கோணும். கண்டுகளையும் சேர்த்து."

அவ்வளவுதான் பிலோமினா. அதற்குப் பிறகு நீர் கதைக்கவில்லை. இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தவளின் கடைசிச் சொல் ஒரு மாட்டைப் பற்றியதா என்று எனக்குக் கொஞ்சநாள் ஆறவில்லை. ஆனால் கறக்கப் பழகினேன். சாந்தி உதவிக்கு வந்தாள்.

இப்போது சண்டை ஓய்ந்திருக்கிறது. பாதை திறப்பார்கள் என்கிறார்கள். கொழும்பிலிருந்து ஆட்கள் கிளாலிக் கடலால் வந்து போகிறார்கள். போன கிழமை நான் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தபோது, வெள்ளைச் சேலையோடு ஒரு மனுசி தடியூன்றி வந்து நின்றார்.

"இது பிலோமினாவின்ரை இடமோ?"

குரலில்தான் பிடித்தேன். சிவபாக்கியம் அம்மா. கணவர் கொழும்பிலேயே காலமாகிவிட்டாராம். மகன் கனடாவுக்குப் போய்விட்டானாம். நீர் இல்லை என்று சொன்னதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அழட்டும் என்று விட்டேன். பிறகு உம்முடைய வேலையைச் செய்யவேண்டும் அல்லவா, அழைத்துக்கொண்டுபோய்க் காட்டினேன்.

"அம்மா, இது உங்கடை லட்சுமி, பிலோமினா கடலுக்குள்ளாலை நடத்திக் கொண்டு வந்தவ. இது அவளின்ரை மூத்தது. இது நாம்பன் கண்டு. இந்தச் சின்னன் பேத்தி. பாலைப் பிள்ளையளுக்குக் குடுத்திட்டம். அதுக்குப் பிலோமினா உங்களிட்டைச் சொல்லவேணுமெண்டு இருந்தவ. மற்றதெல்லாம் கிடக்கு. பாத்து எடுங்கோ."

அவர் லட்சுமியின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். பிறகு சொன்னது எனக்கு நெஞ்சில் அடித்தமாதிரி இருந்தது.

"சூசைப்பிள்ளை, நான் மாட்டுக்கு வரேல்லை, பிலோமினாவைத் தேடி விசாரிச்சுக்கொண்டு வந்தனான். மாட்டை நான் அண்டைக்கே விட்டிட்டன். ஒரு மாசத்திலை வாறம் எண்டு சொன்னது வாய்க்கு வந்ததைச் சொன்னது. திரும்பி வருவம் எண்ட எண்ணமே எனக்கு இருக்கேல்லை. அவள் வித்திருப்பாள், இல்லாட்டி அவிட்டு விட்டிருப்பாள் எண்டுதான் நினைச்சனான். இதைக் கடலுக்குள்ளாலை கொண்டு வந்தவளோ?"

பிலோமினா, அப்படியென்றால் நீர் தண்ணீருக்குள் நிமிர்ந்து நின்றது எதற்காக? உடையவரே கைவிட்ட ஒன்றுக்காகவா? அன்றிரவு முழுக்க எனக்கு இதே யோசனை. உமக்கு இது தெரிந்திருந்தால் கயிற்றை விட்டிருப்பீரா? எனக்குத் தெரியவில்லை. அந்தக் கைக்குழந்தை இப்போது பாலர் வகுப்புக்குப் போகிறாள் என்பது மட்டும் தெரியும்.

காலையில் எங்களுக்குள் வழக்கு. கொண்டுபோங்கோ என்கிறேன் நான். உம்மடைதான், நீரே வைச்சிரும் என்கிறார் அவர். என்னுடையதில்லை என்கிறேன். தன்னுடையதுமில்லை என்கிறார். சாந்திதான் நடுவில் வந்து, "அப்ப ஆரெண்டாலும் முதல் கறவுங்கோ, பிள்ளையள் செம்போடை நிக்குதுகள்" என்று சத்தம் போட்டாள். சிவபாக்கியம் அம்மா சேலையை வரிந்துகொண்டு குந்திவிட்டார். என் கைக்கு ஒருநாளும் அப்படிச் சுரந்ததில்லை.

அவர் இன்னும் போகவில்லை. சரவணைக்குப் போக ஏலாது, அங்கே ஆமி இருக்கிறது. கொழும்பிலும் அவருக்கு ஒருவரும் இல்லை. சாந்தியின் கொட்டிலில் இருக்கிறார். காலையும் மாலையும் கறக்கிறார். சாந்தி கொண்டுபோய்க் கொடுக்கிறாள். என்னிடம், "அம்மா எண்டு கூப்பிடாதையும், அக்கா எண்டு சொல்லும்" என்கிறார். வாய் இன்னும் முழுதாகப் பழகவில்லை. இன்று சேமக்காலைக்கு என்னோடு வந்தவர் அவர்தான். தன் முறைப்படி திருநீறு பூசிக்கொண்டு வந்து, உம்முடைய தலைமாட்டில் ஒரு செம்பு பால் வைத்துவிட்டு, "இது அவள் குடிக்காத பாலெல்லே" என்றார். சுவாமி பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

இந்த அமைதி நிலைக்காது, திரும்ப ஒருநாள் எல்லாரும் எழும்பி ஓடவேண்டிவரும் என்று சந்தியில் கதைக்கிறார்கள். வரலாம். இந்த முறை மாடுகளைச் சாந்தி பார்த்துக்கொள்வாள். அவளுக்குத் தைரியம் இருக்கிறது. அக்காவுக்கு முழங்கால் ஏலாது. கன தூரம் நடக்கமாட்டார், கூப்பிட்டு உதவி கேட்கவும் மாட்டார். அவர் என்னிடம் எதையும் ஒப்படைக்கவில்லை, தன்னைக்கூட ஒப்படைக்கவில்லை. என்றாலும் நான் அவரை விட்டுவிட்டுப் போகமாட்டேன் பிலோமினா. சைக்கிள் ஒன்று வாங்கி, பின்னுக்குப் பலகை அடித்து வைத்திருக்கிறேன். அவர் கேட்டபோது விறகு ஏற்ற என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
நீர் போனபிறகும் உம்முடைய வேலையில் நிற்கிற
உம்முடைய மனுசன் சூசைப்பிள்ளை