கணினியில் மச்சானுக்கு ஓர் இடம்

மச்சான்,

நாளை ஆயுத பூஜை. இன்று காலை கணினிப் பெட்டியைத் துடைக்கும்போது, போன வருஷம் நீங்கள் பூசிய சந்தனம் பொருக்காக உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது. முகர்ந்து பார்த்தேன். வாசனை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. உங்களிடம் சொல்ல வேண்டிய சேதி ஒன்றும் இருக்கிறது. அதனால் துணியைக் கீழே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பால் சொசைட்டியில் கணினி வந்தபோது உங்களைப் பிடித்தது இந்தக் கணினிப் பித்து. மாடு கன்றோடு கிடக்கிற மனிதருக்கு இது எதற்கு என்று உங்கள் ஊர் மீனாட்சிபுரமே சிரித்தது. "ஊட்டுக்கு ஒண்ணு வாங்கிக்கங்க மச்சான்" என்றால், "தங்கச்சி ஊட்டுல இருக்கறப்ப எனக்கெதுக்குங்க தனியா?" என்பீர்கள். அப்படித்தான் எங்கள் கணினியைத் திறந்ததும் என் பெயருக்குக் கீழே உங்கள் பெயரும் வந்தது.

பெரிய அப்டேட் வந்துவிட்டால் போதும். பாலை ஊற்றிய கையோடு, கேனைக்கூடக் கழுவாமல் மொபெட்டில் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள்.

"மாப்ள, புதுசு வந்துருச்சுங்க. போட்டரலாமுங்களா?"

கேட்டு முடிப்பதற்குள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். பாதியில் மின்சாரம் போனால் பெட்டி படுத்துவிடும் என்று முதலில் கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டு, இன்று லைனில் வேலை ஏதும் உண்டா என்று மலையாளத்தில் விசாரிப்பீர்கள். "சேட்டா, இன்னு லைன்ல பணி வல்லதும் உண்டோ?" அங்கிருந்தவருக்கு உங்கள் குரல் பழகிப்போய், "எந்தா, பின்னெயும் அப்டேட்டோ?" என்று சிரிப்பது எனக்கே கேட்கும்.

நான் ஊருக்கெல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் மனு தட்டச்சு செய்து கொடுப்பவன். எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். மகள் கல்யாணப் படங்களும் அதற்குள்தான். "எல்லாம் அழிஞ்சு போச்சுன்னா?" என்று நான் பின்னால் நின்று புலம்புவேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள்.

"ஒதைக்குமுன்னு பயந்தா பால் கறக்க முடியுமுங்களா மாப்ள?"

ஒரு ஆயுத பூஜை நினைவிருக்கிறதா? பெட்டிக்குப் பொட்டும் பூவும் வைத்து, அரிவாள்மணை, மண்வெட்டி, உங்கள் மொபெட் சாவி எல்லாவற்றோடும் சேர்த்துக் கும்பிட்டாயிற்று. மறுநாள் காலைவரை எதையும் தொடக்கூடாது. நாம் பொரியும் கடலையும் தின்றுகொண்டிருக்கும்போது பெட்டி தானாக உறுமியது. திரை வெளிச்சமானது. நாம் அணைக்க மறந்துவிட்டோம். அது தன்பாட்டுக்கு அப்டேட் போட ஆரம்பித்துவிட்டது.

உங்கள் தங்கை பதறிப்போனாள். "பூஜைல வெச்சது தானா ஓடுதுங்களே! ஏதாச்சும் ஆகாத காரியமா இருக்கப்போவுது."

நீங்கள் பொரியை மென்றுகொண்டே சொன்னீர்கள். "நாம லீவு குடுத்தா அது எடுத்துக்கோணுமே கண்ணு! வேலக்காரன்னா இப்படியில்ல இருக்கோணும்?"

பூஜையில் இருப்பதைத் தொடவும் கூடாது, பாதியில் அணைக்கவும் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அது முடியும்வரை காவல் உட்கார்ந்திருந்தீர்கள். அந்தக் கோலத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

மாசியில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். அதற்குப் பிறகு வந்த பெரிய அப்டேட்டை நான் 'பிறகு, பிறகு' என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். ஆடியில் பெட்டி கறாராகச் சொல்லிவிட்டது, பழைய பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது என்று. பொள்ளாச்சிக் கணினிக் கடைக்குக் கொண்டுபோகச் சொன்னாள் மகள். எனக்கு வீம்பு. நானே போடுகிறேன் என்று உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போய் நின்றது. இடம் போதவில்லையாம்.

எங்கே போயிற்று இடம் என்று தேடினால், பாதிக்கு மேல் உங்கள் பெயரில் இருக்கிறது! பெட்டி என்னுடையது, குடியிருப்பு உங்களுடையதா?

உங்கள் தங்கையைக் கூப்பிட்டேன். ஈரக்கையோடு வந்து நின்றாள். "அண்ணன் அப்படி என்னத்தைங்க வெச்சிருக்காரு?"

சினிமாவாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். திறந்தால் கொஞ்சம் மாட்டு வீடியோக்கள். மற்றதெல்லாம் என்னுடையவை, மச்சான். என் மனுக்கள், மகள் கல்யாணப் படங்கள், ஒன்று விடாமல். 'மாப்ள, பொங்கலுக்கு முன்னே', 'மாப்ள, ஓணத்துக்கு முன்னே' என்று தலைப்புப் போட்டு அடுக்கி வைத்திருந்தீர்கள். ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கும் முன்னால் எல்லாவற்றையும் நகல் எடுத்திருக்கிறீர்கள். "மொதல்ல கடைக்குப் போயி சூடா வடை வாங்கிட்டு வாங்க மாப்ள" என்று என்னை விரட்டியது இதற்குத்தானா? வடை மேல் ஆசை என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்!

"இத்தன பயத்த உள்ள வெச்சுக்கிட்டா உங்களப் பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்ணுனாரு?" என்று அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நகலை அதே பெட்டிக்குள்ளேயா வைப்பார்கள்? திருடனுக்குப் பயந்து நகையை பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு மாற்றி வைத்த மாதிரி இருக்கிறது. ஆனாலும் எனக்காக மாற்றி வைத்த ஆள் நீங்கள் ஒருவர்தான்.

மாட்டு வீடியோக்களை உங்கள் மகனுக்கென்று பென்டிரைவில் எடுத்தோம். என் சாமான்களையும் அதிலேயே ஏற்றினேன். பிறகு அழிக்க வேண்டியதுதான். திரையில் உங்கள் பெயரைப் போட்டு, இதையும் இதில் உள்ளவற்றையும் நீக்கலாமா என்று கேட்டது. என் விரல் நகரவில்லை. உங்களை மறுபடியும் வீட்டைவிட்டு அனுப்புகிற மாதிரி இருந்தது. கடைக்கே கொண்டுபோயிருக்கலாமோ, இந்தப் பெட்டியை இப்படியே மூலையில் வைத்துவிட்டு வேறு வாங்கலாமோ என்றெல்லாம் மனம் அலைந்தது. அவள் அண்ணன். அவள்தானே சொல்ல வேண்டும்? அவள் முகத்தைப் பார்த்தேன்.

திரையில் இருந்த அண்ணன் பெயரைப் பார்த்தாள். "எம்பேரச் சாக்கு வெச்சு புதுச உள்ள வுடாம இருக்கறீங்களான்னு அண்ணன் சண்டைக்கு வருமுங்க. தள்ளுங்க." என் கையை விலக்கிவிட்டு அவளே அமுக்கினாள். அதற்கு முன் அவள் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை.

அன்று மத்தியானம் அப்டேட் ஒழுங்காக ஏறியது. புதுத் திரை வந்ததும் உங்கள் தங்கை பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அண்ணன் பேரு இருந்த எடத்துல எம்பேரப் போடுங்க."

போட்டேன். இப்போது பேத்தியோடு பேசுவதும் படம் சேர்ப்பதும் அவள்தான். திரை எதைக் கேட்டாலும் படித்துக்கூடப் பார்க்காமல் 'சரி' அமுக்குகிறாள். அண்ணன் ரத்தம், வேறென்ன? நான் பக்கத்தில் நின்று சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன், மச்சான். ஒரு வார்த்தை புலம்புவதில்லை. அவள் டீ போட எழுந்து போகிற நேரம் பார்த்து, அவளுடைய படங்களையெல்லாம் பென்டிரைவில் ஏற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். அவளிடம் சொல்லவில்லை. நீங்களும்தான் என்னிடம் சொல்லவில்லையே.