ஒரே கிண்ணம், இரண்டு சப்பாத்துத் தட்டு

மார்ச் 1, ஞாயிறு

உறைபனி மழை. லாசாலிலுள்ள சபை வரை அப்பாவின் கார், அப்பாவின் பெருமூச்சு.

பழைய பிரெஞ்சுத் தேவாலயத்தின் நிலக்கீழ் அறைதான் எங்கள் தமிழ்ச் சபை. வாடகை இடம். வாசலில் பனிச் சப்பாத்து வைக்க இரண்டு தட்டு. மார்கழியிலிருந்து வலது தட்டு எங்கள் கட்சி, இடது தட்டு செல்வம் அங்கிள் கட்சி. யாரும் சட்டம் போடவில்லை. கால்களுக்கே தெரிகிறது.

காரணம்: திருவிருந்தில் திராட்சை ரசத்தை எல்லோரும் ஒரே கிண்ணத்தில் குடிப்பதா (அங்கிள்), கொரோனாக் காலத்தில் வந்த குட்டி பிளாஸ்டிக் கப்பிலா (அப்பா, சபைச் செயலாளர்). நாம் ஒன்று என்று காட்டுகிற சாப்பாட்டை வைத்தே இரண்டாகிறோம். திருவிருந்து போய்த் திருவிரோதம்.

இன்று அறிவித்தல்: அடுத்த ஞாயிறு இங்கே கடைசி ஆராதனை, பிறகு அங்கிள் பக்கத்துக் குடும்பங்கள் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போகின்றன. அங்கிளின் மகள் நிரோவும்தான். எங்கள் ஒரே கீபோர்ட்காரி. என் ஒரே கூட்டாளி.

பாஸ்டர் வியர்த்தார். வெளியே மைனஸ் ஆறு.

மார்ச் 4, புதன்

கணிதப் பரீட்சை. வேண்டாம், அதை எழுத மாட்டேன்.

மதியம் கன்டீனில் நிரோ பூட்டீன் தட்டில் சீஸ் ஒட்டிய உருளைக்கிழங்குச் சிப்ஸைக் கிளறிக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

"எங்கட அப்பா இறங்கி வந்தவர், தெரியுமோ? அம்மா பேசிப் பேசி, சரி, கப்பிலயே குடிப்பம் எண்டவர்."

"பேந்தென்ன?"

"பேந்து அந்த ஸ்டிக்கர்."

அந்த ஸ்டிக்கர். பிரசங்க நேரம் வாய் பிளந்து தூங்கும் அங்கிள். கீழே 'ஆவியில் ஆழ்ந்திருக்கிறார்'. நான் செய்தது. நிரோவுக்கு மட்டும் அனுப்பினேன். அவள் அண்ணனுக்கு, அண்ணன் யாருக்கோ, மாலைக்குள் சபை வாட்ஸ்அப்பில். படம் எடுத்தது செயலாளர் மேசையிலிருந்து என்று பார்த்தாலே தெரியும். அன்று அப்பாவுக்குப் பக்கத்தில் நான்தான் இருந்தேன். செய்தது அப்பாதான் என்று அங்கிள் பக்கம் முடிவுகட்டிவிட்டது.

அப்பாவோ, "செய்யேல்லை எண்டு நான் ஏன் சொல்லோணும்? கேக்கிறவன் நேர கேக்கட்டும்" என்கிறார்.

ஒருவர் கேட்க மாட்டார். ஒருவர் சொல்ல மாட்டார். இருவரும் ஞாயிறுதோறும் சமாதானத்துக்கு ஜெபிப்பார்கள், தனித்தனியாக.

நிரோ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "நீ சொன்னால் சொல்லு, சொல்லாட்டி விடு" என்றாள். திட்டியிருந்தால் நல்லது.

மார்ச் 6, வெள்ளி

சபையில் பாடல் பயிற்சி, அப்பாவும் அங்கிளும் வந்திருந்தார்கள். செய்ய வேண்டியது: உண்மையைச் சொல்வது. செய்தது: அப்பாவின் இடது சப்பாத்து லேசையும் அங்கிளின் வலது சப்பாத்து லேசையும் ஏழு முடிச்சுப் போட்டுக் கட்டியது.

திட்டம்: இருவரும் குனிவார்கள், சேர்ந்து அவிழ்ப்பார்கள், சிரிப்பு வரும், சபை பிழைக்கும்.

நடந்தது: குனிந்தார்கள். இரண்டு மொட்டைத் தலை, நடுவே ஒரு சாண். பிறகு அங்கிள் நிமிர்ந்து, "நிரோ, கத்தரிக்கோல் எடு" என்றார். தன் லேசைத் தானே வெட்டிக்கொண்டு, வாய் திறந்த சப்பாத்தோடு பனிக்குள் போனார்.

முடிச்சை அவிழ்ப்பதைவிட வெட்டுவது சுலபமாம். எனக்கும் அப்படித்தானே, சொல்வதைவிடச் சேட்டை சுலபம். எரிச்சல். இந்தமுறை என்மேல்.

மார்ச் 7, சனி

டொலர் கடை. ஆண்கள் அளவு லேஸ் சிவப்பு மட்டும்தான். மெட்ரோவில் மஞ்சள் வழி, லொங்குய்யில் அங்கிள் வீடு. கதவைத் திறந்தது அங்கிள்.

"அங்கிள், அந்த ஸ்டிக்கர் செய்தது நான். அப்பாக்குத் தெரியாது."

வாசலில் கிடந்த லேசில்லாத சப்பாத்தைப் பார்த்தார். "லேசும் நீதானே?"

"ஓம்." சிவப்பு லேசை நீட்டினேன்.

"நான் நித்திரை கொள்ளேல்லை, பிள்ளை. கண்ணை மூடி ஜெபிச்சுக்கொண்டிருந்தனான்."

"குறட்டை கேட்டது, அங்கிள்."

சொல்லியிருக்கக் கூடாது. உள்ளேயிருந்து அன்ரி சிரித்தார். அங்கிள் சிரிக்கவில்லை.

"மூண்டு கிழமை உன்ர அப்பாவை நான் மனசுக்குள்ள திட்டி..." லேசை வாங்கினார். "ஒரே கிண்ணம்தான் சரி. அதில மாற்றமில்லை."

"அப்ப போறியளோ?"

"வீட்ட போய்க் கொப்பருக்குச் சொல்லு."

சொன்னேன். அப்பா போனைப் பறித்தார். ஒரு மாதம். பிறகு தன் போனைக் கையில் வைத்தபடி நடைவழியில் இருபது தடவை நடந்தார். யாருக்கும் கோல் எடுக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

கோடை நேரம் தொடங்கி, மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னுக்கு. எல்லோர் முகத்திலும் நித்திரை. யாரையும் படம் எடுக்கவில்லை. எடுக்கப் போனும் இல்லை.

வாசலிலிருந்தே தெரிந்தது: மேசையில் ஒரு பெரிய கிண்ணமும் ஒரு தட்டு குட்டிக் கப்பும். பாஸ்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் அப்பாவும் வாசலில் சப்பாத்துக் கழற்றும்போது அங்கிள் வந்தார். சிவப்பு லேஸ். நேரே வலது தட்டுக்கு வந்து அப்பாவின் சப்பாத்தைக் கொஞ்சம் தள்ளி, தன்னுடையதை வைத்தார்.

"அங்கிள், உங்கட தட்டு அந்த..." என்று தொடங்கினேன்.

அப்பா என் காலை மிதித்தார்.