கிணறு வற்றுமா?

மே 1974, செவ்வாய் இரவு.

தொழிற்சாலை வருவதற்கு எங்கள் பாகூர்ப் பக்கம் என்ன வசதி இருக்கிறது என்று கேட்டு வந்த படிவத்தை நாளைக் காலை கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் கொடுக்க வேண்டும். ரோடு, கரண்டு எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். தண்ணீர்தான் உறுத்துகிறது.

தை மாதம் வீடு வீடாகப் போய், கோடையில் கிணறு வற்றுமா என்று கேட்டேன். வற்றும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஏகாம்பரம், "எங்க தாத்தா காலத்துலேர்ந்து வத்துனதே இல்லபா, எழுதிக்க" என்றார். எழுதிக்கொண்டேன்.

இன்று மாலை அவர் வீட்டு வாசலில் மாட்டுவண்டி நின்றது. பீப்பாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தார். இது என்ன என்று கேட்டேன்.

"பையனுக்குப் பொண்ணு பாக்குறோம்பா. கெணறு வத்துதுன்னு வெளிய தெரிஞ்சா, தண்ணி சொமக்கவா எம்பொண்ண அனுப்புறதுன்னு கேக்க மாட்டான்? என்னை இன்னா பண்ண சொல்ற?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதை நம்பி எவனாவது கம்பெனி கட்டி உறிஞ்ச ஆரம்பித்தால், வண்டியில் கொண்டுவரக்கூடத் தண்ணீர் இருக்காது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

படுத்தும் தூக்கமில்லை. எழுந்து படிவத்தைப் பிரித்தேன். பதினேழாவது வரியில் என் வீடு. போன சித்திரையில் அடிமண் தெரிந்த கிணறு. 'வற்றாது' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

அடித்து எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். அரைமணி நேரமாகக் கையில்தான் இருக்கிறது.

பெரியவனுக்கு இன்னும் பெண் அமையவில்லை.