படிக்கல்லில் மடாதிபதி

1967 ஜூலை 11, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். பழைய கிறிஸ்தவ மடத்து இடிபாட்டில் தோண்டல் இல்லை. நின்றிருக்கும் ஒற்றைச் சுவரில் காரை சாம்பிள் எடுத்ததோடு சரி. முதல் மடாதிபதியின் உருவம் செதுக்கிய கல்லறைக் கல் இன்னும் அகப்படவில்லை. புரொபசர் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். இந்தக் கோடையில் கிடைக்காவிட்டால் குழியை மூடிவிட்டு லேபுக்குத் திரும்ப வேண்டியதுதான். எனக்கு இந்தச் சீமைக் கிராமம் பிடித்துப்போச்சு. போக மனசே இல்லை.

வாங்க வேண்டியவை: சோப்பு, தபால்தலை, பூட்ஸ் கயிறு.

வீட்டுக்காரம்மா ஹெட்விக் கேட்டேவிட்டார்: "பின்வாசல் படியைத் தினம் ஏன் தாண்டிக் குதிக்கிறீங்க?" எங்கள் ஊரில் வாசப்படியை மிதிக்க மாட்டோம் என்றேன். "வெறும் கல்லுதானே" என்று சிரித்தார்.

ஜூலை 12, புதன்
மழை விட்டது. சாயங்காலம் பின்வாசலில் குனிந்து பூட்ஸ் கழற்றினேன். மிதிக்காமல் வெளியே நின்றே கழற்றுகிறவன் நான் ஒருவன்தான். கூரைத்தண்ணீர் மண்ணை அரித்துப் படிக்கல்லின் ஒரு மூலை அந்தரத்தில். அடியில் விரலை விட்டால் செதுக்கிய எழுத்து தட்டுப்பட்டது. பக்கத்தில் மடாதிபதிகள் பிடிக்கும் வளைந்த கோல். சாட்சாத் மடாதிபதி, குப்புறக் கிடக்கிறார். துறவிகள் போனபின் ஊரே கல்லை அள்ளி வீடும் தொழுவமும் கட்டிக்கொண்டதாமே, அதில் இவரும் வந்திருக்கிறார்.

புரொபசரிடம் ஓடத்தான் கால் பரபரத்தது. ஆனால் ஹெட்விக் அம்மாவின் காலமான கணவர் தினமும் உட்கார்ந்த படி அது. முதலில் அம்மாவிடம் சொன்னேன்.  சூப் ஊற்றினார், போய்ப் படுத்துவிட்டார்.  ரூமும் போச்சோ என்னவோ.

ஜூலை 13, வியாழன்
ரொட்டி வெட்டிக்கொண்டே அம்மா சொன்னார்: "எடுத்துக்குங்க. பாவம், எத்தனை காலம் மூஞ்சியை மண்ணில வச்சிருப்பார். ஆனா புதுப் படி நீங்கதான் வைக்கணும்."

புரொபசரைக் கூட்டிவந்து, கடப்பாரை போட்டு நெம்பினோம். புரட்டினால் மூக்குகூட உடையவில்லை. புரொபசர் என் கையை விடவே இல்லை. அடுத்த கோடையும் இங்கேதான். சந்தோஷம், ரொம்ப.

ஜூலை 15, சனி
வெயில். காரையைப் பற்றித் தீசிஸ் எழுதுகிறவன் இன்றுதான் முதல்முறை கையால் குழைத்தேன். நான் வைத்த புதுப் படி லேசாகச் சாய்வு. அம்மா பார்த்துவிட்டு, "இருக்கட்டும்."

ஜூலை 17, திங்கள்
கயிறு வாங்க மறந்தாச்சு. படி நன்றாக இறுகிவிட்டது. பால் பாத்திரத்தோடு வந்த அம்மா, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, படியைத் தாண்டி உள்ளே போனார். காய்ந்துவிட்டது, மிதிக்கலாம் என்றேன்.

"தெரியும்" என்றார்.