செபஸ்தியார் காலடியில் வைத்த மாத்திரைகள்

இயேசுவுக்கே புகழ்.

அன்பு மகன் எடிவால்டோவுக்கு அம்மா எழுதுவது. அந்தப் பெருநகரத்தில் நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாய் இருக்க நாள் தவறாமல் ஜெபமாலை சொல்கிறேன். உன் தங்கை லிண்டாவுராவுக்கு, தோல் கொப்புளித்துத் தீயாய் எரியும் அந்தக் காட்டுத்தீ நோய் திரும்பிவிட்டது, அது என்னால்தான், போனில் சொல்ல வாய் வரவில்லை.

தினமும் அவள் உடம்பில் எத்தனை கொப்புளம் என்று நோட்டில் குறித்து வருகிறேன் அல்லவா, டிசம்பர் முழுவதும் பூஜ்யம். தோல் ஆறினால் மருந்தையே காணிக்கையாக வைக்கிறேன் என்று புனித செபஸ்தியாருக்கு நேர்ந்திருந்தேன், மற்றவர்கள் மெழுகுக் கை, மெழுகுக் கால் வைப்பதுபோல. ஜனவரியில் அவர் திருநாளன்று மாத்திரைப் புட்டியை அவர் காலடியில் வைத்துவிட்டு வந்தேன். ஒன்பதாம் நாள் மார்பில் நான்கு, மறுநாள் முப்பத்தொன்று, பிறகு எண்ண முடியவில்லை. துணியோடு தோலும் உரிந்து வந்ததால் வாழையிலையில் கிடத்தினோம். அந்த நிலையிலும், "ஏம்மா, செபஸ்தியாருக்கு மேலெல்லாம் அம்பு பட்ட உடம்பாச்சே, மாத்திரையை அவரே முழுங்கிட்டாரோ?" என்று சீண்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழையில் பாலம் முழுகி மருந்துக்கு வழியில்லை. கோவிலுக்குப் போய், கொடுத்ததை என் கையாலேயே திரும்ப எடுத்தேன். மணியடிக்கும் தியோஃபிலோ பார்த்துவிட்டு, "சாமிக்குக் குடுத்ததை எடுத்தா கை வெளங்காது, ஜெனில்டா" என்றார். "வெளங்காட்டி போகட்டும், அங்க புள்ள வெந்துகிட்டு கெடக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தண்ணீர் வடிந்ததும் டாக்டரம்மா வந்தார், திட்டினார், பிறகு உட்கார்ந்து விளக்கினார். ஆற்றங்கரைக் கருப்பு ஈ கடித்தால் அதன் எச்சில் ரத்தத்தில் இறங்குகிறதாம், ரத்தத்தின் காவல் அதை அடிக்கப் பழகுகிறதாம், நம் தோலை ஒட்டிவைத்திருக்கும் பசைக்கும் கிட்டத்தட்ட அதே சாயல் என்பதால் ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே அடிக்கிறதாம். "தோல் ஆறிடுச்சு, ரத்தம் மறக்கலைங்கம்மா. மாத்திரைதான் அதோட கையைப் புடிச்சு வெச்சிருந்துச்சு" என்றார். என் ரத்தத்தையும் எடுத்துப் போனார். போன வாரம் முடிவு வந்தது. எனக்குள்ளும் ஆள் தெரியாமல் அடிக்கும் அதே காவல் இருக்கிறது மகனே, எத்தனை வருடமாகவோ, என்னை ஒன்றும் செய்யாமல். ஏன் என்னை விட்டு அவளைப் பிடித்தது என்று கேட்டேன், முழுதாகத் தெரியாது என்றார். அன்றிலிருந்து குளிக்கும்போது என் தோலையே அந்நியரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறேன்.

இப்போது அவளுக்குப் புதுக் கொப்புளம் ஏழுதான். மாத்திரையை என் கண் முன்னால் விழுங்குகிறாள். ஈஸ்டருக்குப் பேத்தியை அழைத்து வருவதாகச் சொன்னாய், அழைத்து வராதே. ஈ கடிபட்டவர்களுக்கெல்லாம் இந்த நோய் வருவதில்லை என்று டாக்டரம்மா சொல்லத்தான் செய்கிறார். ஒரு பிள்ளை உடம்பில் என் நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்துவிட்டேன், இன்னொரு பிள்ளை உடம்பில் செய்யமாட்டேன். பேத்தியைத் தூக்க என் கைகள் துடிக்கின்றன, துடிக்கட்டும்.

தங்கைக்கு இரண்டு வரி எழுது, நோயைப் பற்றி விசாரிக்காதே. ஆண்டவர் உங்கள் மூவரையும் காப்பாராக.

உன் அம்மா,
ஜெனில்டா