சார்ஜ் இறங்கினால் வரும் போன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே அப்பாவும் நானும் இருக்கிறோம், நலம் என்று முழுமனதாக எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் பக்கத்து அறையில் அவர் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

போன வாரம் என் மூச்சிரைப்புக்கு மருத்துவரைப் பார்க்கப் போகும் வழியில், பாலத்தின் மேல் வண்டி நின்றுபோனதைச் சொன்னேன் அல்லவா, சார்ஜ் சுத்தமாக இல்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்த அடியில் அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். இழுத்துப் போக வந்தவர், வயரை மாட்டிட்டுப் படுக்க வேண்டியதுதானே பெரியவரேன்னு கேட்டார். நீயோ கோபத்தில், அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது, இனி சாவியைக் கொடுக்காதே, வண்டியை விற்றுவிடலாம் என்கிறாய். எனக்குப் புகை ஆகாது என்று நீ பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த கரண்ட் வண்டி. சத்தமே இல்லாததால் ஊமைச்சி என்று பெயர் வைத்துத் தினமும் துடைக்கிறார். அதை விற்றால் மனிதர் ஒடிந்துபோவார்.

அவருக்கு மறதி இல்லையப்பா. கல்யாணமான புதிதில் நான் சொன்ன சொல்லை இன்றைக்கும் எடுத்துக் குத்திக்காட்டுகிறவருக்கு மறதியாம். வண்டியில் சார்ஜ் குறைந்தால் உன் போனுக்குத் தகவல் வருகிறது, உடனே நீ அவரைக் கூப்பிடுகிறாய். என்னோடு மணிக்கணக்கில் பேசுகிறவன், அப்பா என்றால் நல்லா இருக்கீங்களா என்பதோடு சரி, அவரும் இருக்கேன்பா என்பார், முடிந்தது. வண்டிப் பேச்சு என்றால் மட்டும் எவ்வளவு தூரம் ஓடுது, ஏசி போட்டா எவ்வளவு குறையுதுன்னு இரண்டு பேருக்கும் நேரம் போவதே தெரியாது. அதைக் கண்டுகொண்டார். வயரைக் கையில் எடுப்பார், பிறகு அப்படியே தொங்கவிட்டு வந்து போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நானும் பார்த்தும் பாராதவள் போல் இருந்துவிட்டேன். அன்றைக்கு உனக்கு என்ன வேலையோ, நீ கூப்பிடவில்லை. வழியிலாவது கூப்பிடுவாய் என்றுதான் ஓட்டிக்கொண்டு வந்தார்.

என்னை நடுவழியில் நிறுத்திவிட்டோமே என்று இப்போது பயந்துபோயிருக்கிறார். வீட்டுக்குள் நுழையும் முன்பே வயரை மாட்டுகிறார், ஏறியிருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறார். வண்டி எப்போதும் நிறைந்தே நிற்கிறது, அவர் போன் அடிப்பதே இல்லை. நேற்றுச் சாப்பிடும்போது, பையனுக்கு வேலை அதிகம் போலிருக்கு என்றார்.

நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கு, குழந்தைக்கு என் முத்தம். மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். நான் எழுதியதை அவரிடம் மூச்சு விடாதே. அப்பாவைக் கூப்பிடு, வண்டியை விட்டுவிட்டு வேறு எதையாவது பேசு. கூச்சத்தில் போனை என்னிடம் நீட்டுவார், கை வேலையாக இருக்கிறேன் என்று சொல்லி நான் வாங்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா